நியூபோர்ட் கடற்கரை மாளிகைகள்: எதற்கு டிக்கெட் எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ கோடையில் வந்து இறங்கினால் நயாகரா, வாஷிங்டன், சுதந்திர தேவி சிலை என்று ஒரு பட்டியல் ஓடும். அது முடிந்தபின் யாராவது ஒருவர் நியூபோர்ட் மாளிகைகளைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டு ரோட் ஐலண்டுக்கு வண்டியைத் திருப்பப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தி பிரேக்கர்ஸ் கட்டாயம். அதைவிடக் கட்டாயம் தி எல்ம்ஸ் வீட்டில் வேலையாட்கள் இருந்த பகுதியைத் தனியாகச் சுற்றிக்காட்டும் டூர். மார்பிள் ஹவுஸ் நேரம் இருந்தால். ரோஸ்கிளிஃப் வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், மூன்று வீட்டுக்குச் சேர்த்துக் கொடுக்கும் டிக்கெட் மலிவாகத் தெரிகிறதே என்று அதை வாங்கி, காலையிலிருந்து மாலைவரை தங்க முலாம் பூசிய கூரையாக அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்து, மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது எந்த வீட்டில் எந்தச் சரவிளக்கு என்பதே குழம்பிப்போய், பிள்ளைகள் எப்போது போகலாம் என்று நச்சரிக்க, கடைசியில் நினைவுப்பொருள் கடையில் ஒரு காபிக் குவளை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இரண்டு வீட்டு டிக்கெட்டும் ஒரு கைடு டூரும் எடுத்தால் திருப்தி பல மடங்கு.

நியூபோர்ட் ஒரு தீவின் தென்முனையில் இருக்கிறது. மூன்று பக்கமும் கடல் என்பதால் ஜூலையிலும் காற்று குளிர்ச்சியாக வரும். 18-ஆம் நூற்றாண்டில் அடிமை வணிகத்தில் பெரும்பங்கு வைத்திருந்த துறைமுகம் இது. அப்புறம் உள்நாட்டுப் போருக்கு முன்பு தென்மாநிலத் தோட்ட முதலாளிகள் வெயிலுக்கு ஒதுங்க இங்கே வந்தார்கள். பெல்வியூ அவென்யூவில் இன்றும் நிற்கும் கிங்ஸ்கோட் வீட்டை 1839-இல் தொடங்கிக் கட்டியவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த, அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திய ஒருவர்தான். போர் முடிந்தபின் வந்தது நியூயார்க் பணம்: ரயில், நிலக்கரி, வெள்ளிச் சுரங்கம். ஆண்டுக்கு ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம் தங்குவதற்கு அவர்கள் கட்டிய வீடுகளுக்குத்தான் நாம் இன்று டிக்கெட் எடுக்கிறோம்.

தி பிரேக்கர்ஸ் இரண்டாம் கார்னிலியஸ் வாண்டர்பில்ட் கட்டியது. தாத்தா ஸ்டேட்டன் ஐலண்டிலிருந்து படகு ஓட்டத் தொடங்கி, நீராவிக் கப்பல், ரயில் என்று போய், 1877-இல் இறந்தபோது ஏறக்குறைய 10 கோடி டாலர் விட்டுச்சென்றவர். அப்பா அதை எட்டே ஆண்டுகளில் இரண்டு மடங்காக்கினார். அதற்கு அடுத்த தலைமுறை வீடு கட்டியது. இதே இடத்தில் முன்பு இருந்த மரவீடு 1892 நவம்பரில் எரிந்துபோனது. உடனே கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மாரிஸ் ஹண்ட்டைக் கூப்பிட்டு, எரியாத வீடு வேண்டும் என்றார்கள். அவர் மரச்சட்டமே இல்லாமல் இரும்பிலும் கல்லிலும் 70 அறைகளுடன் ஓர் இத்தாலிய அரண்மனையை 1895-க்குள் எழுப்பிவிட்டார். இரண்டே ஆண்டுகள்! நம் ஊரில் மாடியில் ஓர் அறை எடுப்பதற்கே அவ்வளவு ஆகிறது.

உள்ளே நுழைந்ததும் நடுக்கூடம், சுமார் 50 அடி உயரம். எல்லோரும் அங்கேயே நின்று படம் எடுப்பார்கள், நெரிசலும் அங்கேதான். நான் சொல்வது, அதைச் சீக்கிரம் தாண்டி மார்னிங் ரூம் என்கிற மூலை அறைக்குப் போங்கள். சுவர்ப் பலகைகளில் வெள்ளி நிறத்தில் தகடு மின்னும். நெடுங்காலம் அதை வெள்ளி என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் கடற்காற்றில் நூறு ஆண்டு இருந்த வெள்ளி கறுத்திருக்க வேண்டுமே, கறுக்கவில்லை. எக்ஸ்ரே கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் பிளாட்டினம் என்று தெரிந்தது. நூலகத்தில் இருக்கும் கல் கணப்பு பிரான்ஸில் ஒரு 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை வீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தது. இசை அறையையே பாரிஸில் செய்து, பகுதி பகுதியாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது குளியலறைக் குழாய்கள். தொட்டிக்கு நான்கு வகைத் தண்ணீர்: நல்ல தண்ணீரில் சுடுநீர், குளிர்நீர், உப்புத் தண்ணீரிலும் சுடுநீர், குளிர்நீர். கடல் நீரில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று அக்காலத்தில் நம்பினார்கள், ஆனால் அதற்காகக் கடலுக்கு இறங்கிப் போவானேன்? சமையலறையையும் விடாதீர்கள், நெருப்புப் பயத்தால் அதைத் தனிப் பகுதியாக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். 21 அடி நீளத்துக்கு ஒரு நிலக்கரி அடுப்பு, மேலே வரிசையாகச் செம்புப் பாத்திரங்கள். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டைப் பார்த்துப் பழகிய நமக்கே அதைப் பார்த்தால் கொஞ்சம் மலைப்புத்தான். மொத்த அறைகளில் கிட்டத்தட்டப் பாதி வேலையாட்களுக்காகக் கட்டியது என்பது உணவறையின் சரவிளக்குக்குக் கீழே நிற்கும்போது தோன்றாது, இங்கே வந்தால்தான் புரியும்.

இதே வீட்டில் நிலத்தடியைச் சுற்றிக்காட்டும் தனி டூரும் உண்டு. தீ என்றாலே நடுங்கிய குடும்பம் என்பதால் வெந்நீர், வெப்பத்துக்கான கொதிகலன்களை வீட்டுக்குள்ளேயே வைக்கவில்லை. வாசல் பக்கம் நிலத்துக்கடியில் வைத்து, அங்கிருந்து ஒரு சுரங்கப்பாதை வழியாகக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தொழில்நுட்ப ஆர்வம் உள்ளவர்கள் இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணில்லை. குறுகலான இடம், மூச்சுமுட்டும் தொந்தரவு உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆடியோ கைடு உங்கள் கைபேசியிலேயே ஓடும். ஹெட்போனும் நிறைந்த சார்ஜும் கையோடு கொண்டுபோங்கள். தமிழ் கிடையாது. பெரியவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு பிடிபடாவிட்டால் நீங்கள்தான் காதருகே மெதுவாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருக்கும். அதனால் முந்தின இரவே கொஞ்சம் படித்துவைத்துக்கொள்ளுங்கள். பிளாஷ் இல்லாமல் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் உள்ள குழந்தைகள் விளையாட்டு வீட்டைக் காட்டுங்கள். பழைய மரவீட்டுக் காலத்தது, அந்தத் தீயில் தப்பியது. நம் வீட்டு வாண்டுகள் உள்ளே பிளாட்டினத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை, இதைவிட்டு மட்டும் வர மறுத்தார்கள்.

இவ்வளவு கட்டியவர் எவ்வளவு அனுபவித்தார் என்று கேட்டால், 1895 கோடையில் வீடு திறந்தது, மறு ஆண்டே அவருக்குப் பக்கவாதம், 1899-இல் 55 வயதில் இறந்துவிட்டார். மகள் கிளாடிஸ் ஹங்கேரியப் பிரபு ஒருவரை மணந்தவர். அவர் 1948-இல் ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நியூபோர்ட் பாதுகாப்புச் சங்கத்திடம் வீட்டைக் காட்சிக்குக் கொடுத்தார், சங்கம் அதை 1972-இல் விலைக்கே வாங்கியது. மூன்றாம் மாடியில் மட்டும் அந்தக் குடும்பத்தார் 2018 வரை வந்து தங்கிக்கொண்டிருந்தார்கள், கீழே நம்மைப் போன்றவர்கள் டிக்கெட்டோடு நடந்துகொண்டிருந்தபோதே.

இப்போது தி எல்ம்ஸ். நிலக்கரி முதலாளி எட்வர்ட் பெர்விண்ட் 1901-இல் கட்டி முடித்தது, பாரிஸுக்கு அருகே உள்ள ஆஸ்னியர் மாளிகையைப் பார்த்து வரைந்தது. மேல்தளங்களை நீங்களே ஆடியோவோடு சுற்றலாம், அழகுதான், மறுக்கவில்லை. ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெர்விண்டின் தங்கை ஜூலியா 1961-இல் இறந்தபின் உள்ளிருந்த பொருட்களை ஏலம் விட்டுவிட்டார்கள், வீட்டையும் இடிக்கவே வாங்கியிருந்தார்கள். இடிக்கச் சில வாரமே இருந்த நிலையில் 1962-இல் சங்கம் பணம் திரட்டி 1,16,000 டாலருக்கு வாங்கிக் காப்பாற்றியது. அதனால் பிரேக்கர்ஸில் பார்ப்பதுபோல எல்லாம் அந்தக் குடும்பத்துச் சாமான்களே என்று இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. சில திரும்பி வந்திருக்கின்றன, சில வேறெங்கிருந்தோ வந்தவை.

ஆனால் ஏலத்தில் போகாதது இந்த வீட்டின் அடிவயிறு. வேலையாட்கள் டூர் இங்கேதான். முன்பதிவு செய்தாக வேண்டும், ஒரு குழுவுக்குக் கொஞ்சம் பேரைத்தான் சேர்க்கிறார்கள். முதலில் வேலையாட்கள் நுழையும் வாசல், அதைக் கொடி படர்ந்த பந்தலுக்கடியில் மறைத்திருக்கிறார்கள், வண்டியில் வந்து இறங்கும் விருந்தாளி கண்ணில் மளிகைக்காரன் பட்டுவிடக்கூடாதாம். உள்ளே இறங்கினால் கொதிகலன்கள். நிலக்கரி பக்கத்துத் தெருவுக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டியில் வந்திருக்கிறது. கரி விற்றுப் பணக்காரரானவர் வீட்டுப் புல்வெளியில் ஒரு துகள் கரி விழவில்லை. பிறகு குறுகலான பின்படிகள், எண்பதுக்கும் மேல், அடித்தளத்திலிருந்து மூன்றாம் மாடிவரை ஒரே ஏற்றம். அங்கே வேலையாட்களின் அறைகள். தெருவிலிருந்து பார்த்தால் அப்படியொரு மாடி இருப்பதே தெரியாது, கூரை விளிம்பில் சிலைகளோடு எழுப்பிய கைப்பிடிச்சுவர் அதை மறைத்துவிடும். ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் வருகிறது, எதிரே கற்சுவரின் முதுகு.

1902-இல் இந்த வீட்டு வேலையாட்கள் வாரத்தில் கொஞ்சம் ஓய்வு நேரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 40 பேர் வேலை பார்த்த வீடு. பெர்விண்ட் பேச்சுவார்த்தை எல்லாம் நடத்தவில்லை, மொத்தப் பேரையும் அனுப்பிவிட்டு வேறு ஆட்களை எடுத்துக்கொண்டார். அவர்கள் ஏறி இறங்கிய அதே படிகளில் மூச்சு வாங்க ஏறிவிட்டு இதைக் கேட்கும்போது, கீழ்த்தளத்துப் பால்ரூமை வேறுமாதிரிப் பார்க்கத் தோன்றும்.

மாமனார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பிரேக்கர்ஸில் சோபா எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த மனிதர், எல்ம்ஸ் அடித்தளத்தில் வேறு ஆளாகிவிட்டார். அமெரிக்காவிலேயே முதன்முதலில் முழுக்க மின்சாரம் இழுத்த வீடுகளில் இதுவும் ஒன்று, அதுவும் மாற்றுக்குக் கேஸ் விளக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல். கைடு இதைச் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்து, “மாப்பிள்ளை, கரண்ட் போச்சுன்னா என்ன பண்ணாங்கன்னு கேளுங்க” என்றார். கேட்டேன். மெழுகுவர்த்திதான் என்று சொல்லிச் சிரித்தார் அந்தக் கைடு அம்மாள். அதற்கப்புறம் கைடும் இவரும் பாதி ஆங்கிலம் பாதி சைகையாக ஒரு பழைய சுவிட்ச்போர்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள், நான் தேவைப்படவே இல்லை. மாமியாருக்கு முட்டிவலி, அதனால் அவரை வெளியே தோட்டத்தில் விட்டுவிட்டுப் போனோம். நல்ல தோட்டம், நிழலும் பெஞ்சும் உண்டு. படியேற முடியாதவர்களுக்கு இந்த டூர் சரிவராது, இதை மட்டும் டிக்கெட் எடுக்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

மார்பிள் ஹவுஸ் பற்றி எனக்கு இரண்டு மனம். கட்டடமாகப் பார்த்தால் அளவுமீறல். பிரேக்கர்ஸ்காரரின் தம்பி வில்லியம் மனைவி ஆல்வாவின் 39-ஆம் பிறந்தநாளுக்காகக் கட்டியது, 1892-இல் முடிந்தது. ஆன செலவாகச் சொல்லப்படும் 1.1 கோடி டாலரில் 70 லட்சம் பளிங்குக்கே போயிற்றாம். தங்க அறைக்குள் இரண்டு நிமிடத்துக்குமேல் நின்றால் கண் கூசும். உணவறை நாற்காலிகள் வெண்கலம், ஆள் வைத்து இழுத்துத்தான் உட்கார முடியும்.

ஆனால் ஆல்வா என்கிற மனுஷியின் கதைக்காகவே போகலாம். அவ்வளவு பெரிய பிறந்தநாள் பரிசு தந்த கணவரை மூன்றே ஆண்டில் விவாகரத்து செய்தார், 1895-இல், விவாகரத்து என்றால் அந்தச் சமூகமே கதவைச் சாத்தும் காலத்தில். வீட்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அதே தெருவில் இன்னொரு மாளிகை வைத்திருந்த பெல்மாண்டை மணந்தார். விவாகரத்து ஆன அதே 1895-இல் மகள் கான்சுவேலோவை, அவள் வேறொருவரை விரும்பியது தெரிந்தும், இங்கிலாந்தின் மார்ல்பரோ பிரபுவுக்குக் கட்டிவைத்தார். சம்பந்தம் பேசி முடிந்தது இந்த வீட்டின் காத்திக் அறையில். வரதட்சணை 25 லட்சம் டாலர் பெறுமான ரயில்வே பங்குகள்! நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த இடத்தில் மட்டும் ஆடியோவைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். 1926-இல் அந்தத் திருமணம் செல்லாது என்று வாட்டிகன் தீர்ப்பளித்தபோது, நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று சாட்சி சொன்னவரும் இதே ஆல்வாதான். அதற்கு முன்பே பெண்கள் வாக்குரிமைக்காகக் களத்தில் இறங்கி, 1909-லும் 1914-லும் இந்த வீட்டிலேயே கூட்டம் நடத்தியிருந்தார். பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று எழுதிய பீங்கான் தட்டுகளில் விருந்தும் போட்டார், அவற்றின் நகல்கள் கடையில் விற்பனைக்கு இருக்கும். ஒரே ஆளிடம் இவ்வளவு முரண் இருப்பதால்தான் இந்த வீட்டை முழுசாக ஒதுக்கிவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கம் கடலைப் பார்த்தபடி சீனத் தேநீர் மண்டபம் ஒன்றும் கட்டியிருக்கிறார், அதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

ரோஸ்கிளிஃப் நெவாடா வெள்ளிச் சுரங்கத்தில் சம்பாதித்த ஓர் ஐரிஷ்காரரின் மகள் தெரசா ஃபேர் ஓல்ரிக்ஸ் கட்டியது. நியூபோர்ட்டிலேயே பெரிய நடனக்கூடம், இதய வடிவில் வளையும் படிக்கட்டு. கல்யாண விருந்துகளுக்கு வாடகைக்கும் விடுகிறார்கள், அதனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவ்வளவுதான்.

காசே இல்லாமல் பார்க்கக் கிளிஃப் வாக் இருக்கிறது. மாளிகைகளின் பின்புறத்துக்கும் கடலுக்கும் நடுவே பாறை விளிம்போடு மூன்றரை மைல் பாதை, பொதுமக்கள் உரிமை. பணக்காரர்கள் வேலி போட்டு அடைக்கப் பார்த்தும் முடியவில்லை, கரையோரம் நடப்பதும் மீன் பிடிப்பதும் ரோட் ஐலண்ட் அரசியல் சாசனமே மக்களுக்குக் கொடுத்த உரிமை. வடக்கு முனையில் நல்ல தளம் போட்டிருக்கிறார்கள், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போகலாம். தெற்கே போகப் போக வெறும் பாறை, சேலை செருப்போடு வேண்டாம். 2022 மார்ச்சில் நாரகன்செட் அவென்யூ பக்கம் ஒரு பகுதி கடலில் சரிந்து விழுந்தது, எனவே பாதையில் தடுப்போ மாற்றுவழிப் பலகையோ கண்டால் அதன்படியே போங்கள், படம் எடுக்க விளிம்புக்குப் போகாதீர்கள்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ரஃப் பாயிண்ட். வேறு அமைப்பு நடத்துவது, தனி டிக்கெட், சேர்த்து வாங்கிய டிக்கெட் செல்லாது. புகையிலைச் சொத்துக்கு வாரிசான டோரிஸ் டியூக் வாழ்ந்த வீடு, மற்றவைபோலக் கூச்சல் போடாது, உண்மையாகவே யாரோ குடியிருந்த வீடு மாதிரி இருக்கும். இந்த அம்மாள் இரண்டு ஒட்டகம் வளர்த்தார். 1991-இல் பாப் புயல் அடித்தபோது அவற்றைக் கடலைப் பார்த்த கண்ணாடி அறைக்குள் கட்டிவைத்தாராம். தன் சொந்தப் பணத்தில் நியூபோர்ட்டின் 18-ஆம் நூற்றாண்டுச் சாதாரண வீடுகள் எண்பதுக்கும் மேல் வாங்கிப் பழுதுபார்த்துக் காப்பாற்றியவரும் இவர்தான், நகரத்துக்குள் நடந்தால் அவற்றைப் பார்க்கலாம், இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

மற்றவை: பாஸ்டனிலிருந்து வந்தால் சுங்கம் கிடையாது, நியூயார்க், நியூஜெர்சி பக்கமிருந்து வருகிறவர்கள் பெல் பாலத்தில் கட்ட வேண்டும். ரயில் வசதி இல்லை. மாளிகைகளில் பார்க்கிங் இலவசம், துறைமுகப் பக்கம் கோடை வார இறுதியில் ஒரு தனியார் பார்க்கிங்கில் கேட்ட தொகைக்கு இன்னொரு வீட்டுக்கே டிக்கெட் எடுத்திருக்கலாம், ஆகவே வண்டியை மாளிகையிலேயே விட்டுவிட்டு பெல்வியூ அவென்யூவில் ஓடும் 67-ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் சவுடர் (கெட்டியான சூப்) என்று எழுதியிருந்தால் விசாரிக்காமல் வாங்கவேண்டாம், சிப்பி போக அதில் பன்றி இறைச்சித் துணுக்கும் கிடக்கலாம். நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். வீட்டுக்குள் சாப்பிட விடமாட்டார்கள், கடற்கரையில் சாப்பிடலாம், கடற்புறாக்கள் வறுவலைப் பறித்துக்கொண்டு போகும், பார்த்துக்கொள்ளுங்கள். எப்போது போகலாம் என்றால் செப்டம்பர் வார நாட்கள், பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு. மற்றவர்கள் நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் அலங்காரம் போட்டிருக்கும்போது போங்கள், கடற்காற்று மட்டும் எலும்பைத் துளைக்கும், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இரட்டை ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிப்போங்கள்.